சிவப்புக் கல்: மாணிக்கமா, ஸ்பைனலா?

பட்டை தீட்டிய இரண்டு சிவப்புக் கற்களில் எது மாணிக்கம், எது ஸ்பைனல் (மாணிக்கத்தைப் போலத் தோன்றும் வேறொரு கனிமம்) என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சிவப்பைத் தருவது குரோமியம். பிரிட்டிஷ் அரச மகுடத்தில் இருக்கும் ‘பிளாக் பிரின்ஸ் ரூபி’கூட ஸ்பைனல்தான். வித்தியாசம் படிக அமைப்பில் இருக்கிறது. மாணிக்கத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும். கனசதுரப் படிகமான ஸ்பைனலில் பிரியாது.

கீறிப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் மாணிக்கத்தின் கடினம் 9, ஸ்பைனலுடையது 8. இரண்டுமே கண்ணாடியைக் கீறும். தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை, கல்தான் கெடும்.

முதலில் ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை (ஒளிவிலகல் எண்ணை) அளக்கும் கருவி. கல்லின் மேல்தளத்தைத் துடைத்து, கருவியின் கண்ணாடியில் கல்லும் கண்ணாடியும் இடைவெளியின்றி ஒட்ட உதவும் தொடுதிரவத்தைக் குண்டூசித் தலை அளவு வைத்து, அதன்மேல் கல்லைக் குப்புற வையுங்கள். திரவம் அதிகமானால் கல் மிதக்கும், நிழல்கோடு மங்கும். மஞ்சள் ஒற்றைநிற விளக்கில், கண்வில்லை மேல் போலராய்டு தகட்டை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) திருப்பியபடி படியுங்கள். ஸ்பைனல் 1.718 அருகே ஒரே கோடு காட்டும். மாணிக்கத்தில் தகடு திரும்பத் திரும்பக் கோடு 1.762க்கும் 1.770க்கும் இடையே தாவும். ஒரே நிலையில் படித்து நிறுத்தாமல் கல்லையும் சிறிது சிறிதாக 180 பாகை வரை திருப்பிப் படியுங்கள். சில நிலைகளில் இரு கோடுகளும் நெருங்கி ஒன்றாகத் தெரியலாம்.

அடுத்தது போலரிஸ்கோப், இரண்டு போலராய்டு தகடுகளுக்கு இடையே கல்லை வைத்துப் பார்க்கும் கருவி. அதில் தகடுகளைக் குறுக்காக வைத்துக் கல்லை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மாணிக்கம் நான்கு முறை வெளிச்சமாகி இருளும். ஸ்பைனல் இருண்டே இருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான். நல்ல நிறம் மேலே தெரிவதற்காக மாணிக்கத்தை ஒளியச்சுக்கு (ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசைக்கு) செங்குத்தாக மேல்தளம் அமையும்படி வெட்டுவார்கள். அந்தக் கல்லை மேல்தளம் வழியாகப் பார்த்தால் ஸ்பைனலைப் போலவே இருண்டு கிடக்கும். கல்லின் இரு நிறங்களை அருகருகே காட்டும் கருவியான டைக்ரோஸ்கோப்பும் அந்தத் திசையில் இரு நிறம் காட்டாது. பக்கவாட்டில் சாய்த்து, குறைந்தது மூன்று திசைகளில் பாருங்கள். ஊதா கலந்த சிவப்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பும் தனித்தனியாகத் தெரிந்தால் ஸ்பைனல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே கல்லை ரிஃப்ராக்டோமீட்டரில் எப்படித் திருப்பினாலும் 0.008 வித்தியாசம் முழுதாகத் தெரியும்.

ஒப்படர்த்தி (அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) மாணிக்கத்துக்கு 4.00, ஸ்பைனலுக்கு 3.60. காற்றில் எடையை, காற்றிலும் நீரிலும் உள்ள எடைகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 2 கேரட் மாணிக்கம் நீரில் 0.50 கேரட் இழக்கும். அதே எடை ஸ்பைனல் 0.56 இழக்கும். கல்லில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழியே கணக்கைக் கவிழ்த்துவிடும், அதனால் நீரில் ஒரு துளி சோப்புத் திரவம் விடுங்கள். 0.30 கேரட் கல்லில் இந்த இழப்புகளின் வித்தியாசம் 0.01 கேரட்டுக்கும் குறைவு; சாதாரணத் தராசை நம்பி அதில் இறங்காதீர்கள்.

புற ஊதா விளக்கு இந்த இரண்டையும் பிரிக்காது, இரண்டுமே சிவப்பாக ஒளிரக்கூடும். கார்னெட் என்ற இன்னொரு சிவப்புக் கல் ஒளிராது. போலரிஸ்கோப்பில் கார்னெட்டும் இருண்டே இருக்கும் என்பதால் அதை விலக்க இந்த விளக்கு உதவும்.

செயற்கை மாணிக்கத்துக்கும் இதே எண்கள்தான் வரும். அதைப் பிடிக்க 10 மடங்கு லென்ஸ் வேண்டும்: தீச்சுடரில் உருக்கிச் செய்த கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் இருக்கும், இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவே ஓடும்.