கரையிலிருந்து பாஸ் மீன்பிடிப்பு: மென் பிளாஸ்டிக் இரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்புறம் தகடு பொருத்திய கடின இரையை நீரில் வீசி, தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீலைச் சுற்றினால் போதும். தகடு நீரைத் தள்ளும் விசையிலேயே இரை ஆடிக்கொண்டு வரும். மென் பிளாஸ்டிக் புழுவில் அப்படிப்பட்ட பொறி எதுவும் இல்லை. துடுப்பு போன்ற வால் கொண்ட சில வகைகளை விட்டுவிட்டால், அதன் உடல் அசைவதும் வால் துடிப்பதும் பெரும்பாலும் அது தளர்ந்த நரம்பில் தானாக மூழ்கும் சில நொடிகளில்தான் நிகழ்கின்றன; நன்னீரில் வேட்டையாடும் பாஸ் மீன் அதைக் கவ்வுவதும் பல வேளைகளில் அந்த நொடிகளில்தான். கரையில் நின்று பழகுபவர்கள் செய்யும் தவறுகள் பலவிதமாகத் தோன்றினாலும், அவற்றுள் முக்கியமானவை ஏதோ ஒரு வகையில் இந்த மூழ்கலைக் கெடுப்பவையே.

தூரமாக வீச வேண்டும் என்ற ஆசையில் நரம்பில் கனமான எடைக் குண்டைக் கட்டுவது அவற்றில் முதலாவது. கரையை ஒட்டிய நீர் பல இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம்கூட இருக்காது. அங்கே 14 கிராம் குண்டுடன் இறங்கும் புழு தலைகுப்புறப் பாய்ந்து சேற்றில் புதைகிறதே தவிர, மீன் நின்று பார்ப்பதற்கு நேரம் தருவதில்லை. 3.5 முதல் 5 கிராம் வரையிலான தோட்டா வடிவக் குண்டு இத்தகைய நீருக்குப் போதும். காற்று பலமாக அடித்தாலோ, ஆழம் கூடினாலோ 7 கிராமுக்குப் போகலாம். நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும் தடித்த பாசியைத் துளைத்து இறக்குவதற்குத்தான் உண்மையில் கனமான குண்டு தேவை. ஸ்டிக் வார்ம் எனப்படும் குச்சி வடிவப் புழுவுக்குக் குண்டே வேண்டியதில்லை. உப்பு கலந்து வார்க்கப்படுவதால் 5 அங்குலப் புழு ஒன்றே ஏறத்தாழ 10 கிராம் எடை இருக்கும்; அந்த எடையே வீசுவதற்கும் மெதுவாக மூழ்குவதற்கும் போதுமானது.

அடுத்தது, புழுவைத் தூண்டில் முள்ளில் கோணலாகக் கோர்ப்பது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிரீம் 1949-இல் உருவாக்கிய பிளாஸ்டிக் புழுவின் தொடக்ககால வடிவங்கள் வெளியே தெரியும் முட்களுடன் விற்பனைக்கு வந்தன. நீரில் மூழ்கிய மரங்களும் புதர்களும் நிறைந்த நீர்த்தேக்கங்களில் அவை போகும் இடமெல்லாம் சிக்கின. முள்முனையைப் புழுவின் உடலுக்குள் மறைக்கும் டெக்சஸ் ரிக் என்ற கோர்ப்பு முறை பரவியதற்குக் காரணம் இந்தத் தொல்லைதான். முறை எளிது. முள்முனையைப் புழுவின் தலையில் சுமார் அரை சென்டிமீட்டர் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கண் (நரம்பைக் கட்டும் துளை) தலைக்குள் அமரும்வரை இழுத்து, முள்ளைத் திருப்பிவிட வேண்டும். பின்னர் புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எந்த இடத்தில் உடலைத் தொடுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கேயே முனையைச் செலுத்த வேண்டும். இந்த அளவைப் பார்க்காமல் கண் மதிப்பில் குத்துவதால்தான் புழு சுருங்கியோ, வளைந்தோ நிற்கிறது. வளைந்த புழு நீரில் சுழலும். சுழலும் புழு நரம்பை முறுக்கும். முறுக்கேறிய நரம்பு அடுத்த வீச்சில் சிக்கலாக வந்து விழும். கோர்த்தபின் கண்மட்டத்தில் உயர்த்திப் பார்த்து, தலையிலிருந்து வால்வரை ஒரே கோடாக இல்லையென்றால் கழற்றி மீண்டும் கோர்ப்பதே நல்லது.

முள்ளின் அளவும் இதோடு சேர்ந்தது. 5 அங்குலப் புழுவுக்கு 3/0 அல்லது 4/0 அளவுள்ள, கண்ணுக்குக் கீழே தண்டு மடிந்திருக்கும் ஆஃப்செட் முள் பொருந்தும். புழுவின் உடல் பருமனாக இருந்தால் வளைவு அகன்ற முள்தான் வேண்டும். மீன் கவ்வும்போது அமுங்கி ஒதுங்கும் பிளாஸ்டிக்குக்கும் முனை வெளிப்படுவதற்கும் அந்த வளைவில்தான் இடம் கிடைக்கிறது. புழுவின் நடுவில் முள்ளைக் குத்தும் வாக்கி ரிக், இரு முனைகளும் துடிக்கத் துடிக்க மூழ்குவதால் மிகவும் கவர்ச்சியானது. ஆனால் அதில் முனை வெளியே இருப்பதால், பாசி நிறைந்த கரையில் அதை வீசிக்கொண்டிருப்பது வீண் வேலை. தெளிவான, தடைகள் குறைந்த இடத்துக்கு அதை ஒதுக்கிவைப்பதும், புழு கிழியாமலிருக்கச் சிறிய ரப்பர் வளையம் மாட்டி அதனடியில் முள்ளைக் கோர்ப்பதும் நல்ல பழக்கம்.

கரையிலிருந்து பிடிப்பவருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மீன்களை இழக்க வைப்பது இதுதான். நேராக நீரின் விளிம்புக்கு நடந்துபோய், கால் நனையும் இடத்தில் நின்று, நடு ஏரியை நோக்கி முழு பலத்துடன் வீசுவது. படகில் இருப்பவர் பெரும்பாலும் கரையை நோக்கித்தான் வீசுகிறார் என்பதை இப்படி வீசுபவர்கள் கவனிப்பதில்லை. சிறு மீன்களும் நண்டு போன்ற உயிர்களும் ஒதுங்கும் இடம் கரையோரப் புல்லும் கற்களும் சாய்ந்த மரங்களுமே என்பதால், குறிப்பாக காலையிலும் மாலையிலும் பாஸ் மீன் அங்கே வந்து பதுங்குகிறது. உடலின் பக்கவாட்டிலுள்ள உணர்கோட்டால் நீரில் எழும் அதிர்வுகளை அது அறியும். தடதடவென்று நடந்து வருபவரின் காலடியும், நீரின்மேல் சட்டென்று விழும் நிழலும் அதை விரட்டப் போதும். ஆகவே விளிம்பிலிருந்து சில அடி பின்னாலேயே நின்று, முதல் வீச்சுகளைக் கரைக்கு இணையாக இருபுறமும் வீசிப் பார்த்த பிறகுதான் முன்னேறிச் செல்ல வேண்டும்.

இணையாக வீசுவதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. நேர் எதிரே வீசிய இரை ஆழத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறிவர வேண்டியிருப்பதால் ஒவ்வோர் இழுப்பிலும் சரிவில் மூக்கைக் குத்திக் கற்களிடையே மாட்டிக்கொள்கிறது. மீன்கள் இருக்கும் ஆழத்தை அது கடப்பதும் வீச்சின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே. கரையோரமாகவோ சாய்வாகவோ வீசினால் இரை ஒரே ஆழத்தில் நீண்ட தூரம் பயணிக்கும். எந்த ஆழத்தில் கொத்து (மீன் இரையைக் கவ்வுவது) விழுந்தது என்பதைக் கவனித்து, அடுத்தடுத்த வீச்சுகளை அதே ஆழத்துக்கு அனுப்பவும் முடியும்.

வீசிய பிறகு நடப்பதுதான் நுட்பமான பகுதி. இரை நீரைத் தொட்டதும் ரீலைப் பூட்டி நரம்பை இறுக்கிவிடுவது பலருடைய வழக்கம். இறுகிய நரம்பில் தொங்கும் இரை நேர்கீழே இறங்காமல், கடிகார ஊசலைப் போல வளைந்து கரையை நோக்கி வந்துவிடும்; சாய்ந்த மரத்தின் கிளைக்கு அருகே விழுந்த புழு, அடியைத் தொடும்போது அங்கிருந்து வெகுவாக விலகியிருக்கும். இரை மூழ்கும்வரை நரம்பைத் தளரவிட வேண்டும். அதற்காகக் கவனத்தைத் தளரவிடக் கூடாது. நரம்பு நீரைத் தொடும் இடத்திலேயே கண் இருக்க வேண்டும். அங்கே ஒரு சிறு துள்ளல், பக்கவாட்டு நகர்வு, எதிர்பார்த்ததற்கு முன்பே நரம்பு இறங்காமல் நின்றுவிடுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அது மீனாக இருக்கலாம். கையில் தட்டுவதுபோல் உணர்ந்தால்தான் கொத்து என்று காத்திருப்பவர், பல கொத்துகள் வந்துபோனதையே அறியமாட்டார்.

அடியைத் தொட்ட பிறகு இரையை நகர்த்த வேண்டியது ராட் எனப்படும் தூண்டில் கோல். ரீலின் வேலை, மிஞ்சிய தளர்வைச் சுற்றி எடுப்பது மட்டுமே. ராடின் நுனியை மெதுவாக உயர்த்தி இரையைச் சிறிது தூரம் நகர்த்தி, பின் நுனியைத் தாழ்த்தி மீண்டும் மூழ்கவிட வேண்டும். நீர் குளிர்ந்திருந்தால் இடைவேளைகளை இன்னும் நீட்டலாம். நரம்பின் தன்மையும் இதில் குறுக்கிடும். ஃபுளோரோகார்பன் என்ற நரம்பு வகை மூழ்கும் இயல்புடையது என்பதால் அடியில் நகர்த்தும் இரைகளுக்கு ஏற்றது. பின்னல் நரம்பு மிதக்கும், காற்றில் வில்லாக வளையும், தெளிந்த நீரில் எளிதாகத் தெரியும் என்பதால் அதன் முனையில் சில அடி நீளத்துக்கு ஃபுளோரோகார்பனை முடிந்துகொள்வது வழக்கம்.

மீன் கவ்வியது தெரிந்ததும் பதற்றத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. நரம்பு தளர்வாக இருக்கும்போதே ராடைச் சுண்டினால், அந்த விசை தளர்வை எடுப்பதிலேயே தீர்ந்துபோகும். மாறாக, மீன் நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்தால் ஒன்று அது புழுவைத் துப்பிவிடும், அல்லது முள் தொண்டைக்குள் இறங்கிவிடும். பாஸ் மீன் வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சி எடுக்கிறது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் வெளியே தள்ளவும் செய்கிறது. நுனியைத் தாழ்த்தி, தளர்வை விரைவாகச் சுற்றி, எடை தெரிந்த கணத்தில் ராடை உறுதியாக உயர்த்துவதே சரியான முறை. இன்னும் இருக்கிறதா என்று மெல்ல இழுத்துச் சோதிப்பதைப் போல மீனை எச்சரிக்கும் செயல் வேறில்லை. பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளிவர வேண்டிய டெக்சஸ் ரிக்குக்குத்தான் பலமான சுண்டல் தேவை. முனை வெளியே இருக்கும் மெல்லிய முட்களுக்குத் தொடர்ந்து சுற்றியபடி ராடைப் பக்கவாட்டில் இழுத்தாலே போதும்.

நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது அளவுக்கு மீறிப் போகிறது. தெளிந்த நீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கலங்கிய நீருக்குக் கருப்பு அல்லது கருநீலம் என்ற இரண்டே போதும். பத்து வகை இரைகளை வாங்கி அரைமணிக்கு ஒன்றாக மாற்றுவதைவிட, ஒரே புழுவை அடி தெரியும் நீரில் இறக்கி அது எப்படி மூழ்குகிறது என்று பார்த்துப் பழகுவது கூடுதலாகக் கற்றுத்தரும்.

இரைகளை வாங்கிய உறையிலேயே, வால் மடங்காமல் தட்டையாக வைக்க வேண்டும். வழக்கமான பிவிசி பிளாஸ்டிக் இரைகளையும், ரப்பர் போல நன்றாக இழுபடும் டிபிஇ என்ற பிளாஸ்டிக் வகை இரைகளையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்த புழுவை நீரில் எறிந்தால் மீன்கள் அதை விழுங்கும், ஆனால் அது செரிக்காது. எனவே அவற்றைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும். தலைப்பகுதி மட்டும் கிழிந்த 5 அங்குலக் குச்சிப் புழுவாக இருந்தால், அந்த முனையை வெட்டிவிட்டு மிஞ்சும் மூன்று அங்குலத்தைக் காளான் வடிவத் தலைகொண்ட சிறு முள்ளில் கோர்த்து, நெட் ரிக்காகப் பயன்படுத்தலாம்.