ரப்பர் பால் சொறி என்று நினைத்தோம்

குலசேகரத்தில் 30 வருடம் ரப்பர் பால் வெட்டிய எங்கள் பாட்டாவுக்கு 74 வயதில் உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. “பால் பட்ட சொறிதான் மக்கா” என்று தேங்காய் எண்ணெயைத் தேய்த்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டார். அப்புறம்தான் தொடையிலும் அடிவயிற்றிலும் நெல்லிக்காய் அளவில் இறுகிய கொப்புளங்கள் கிளம்பின. எங்கள் முதல் தவறு அந்த மூன்று மாதம்தான்.

நோயின் பெயர் புல்லஸ் பெம்ஃபிகாய்டு. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். கொப்புளத்துக்கு மாதக்கணக்கில் முன்பே அரிப்பு தொடங்கிவிடலாம். மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைத்திருக்கும் புரதங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. பிடி விட்ட இடத்தில் நீர் கோக்கிறது. இது ஒட்டுவாரொட்டி இல்லை. அது தெரியாமல் பேரப்பிள்ளைகளை அண்டவிடாமல் பாட்டாவை ஒரு வாரம் திண்ணையில் படுக்க வைத்தோம். நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அக்கி என்று காவி எழுதியது அடுத்த தவறு. அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக, எரிச்சலும் வலியுமாக வரும். இது இரண்டு பக்கமும் வரும், அரிப்புதான் அதிகம். சந்தேகம் வந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் தோல் மருத்துவரைப் பாருங்கள். கொப்புளத்தின் ஓரத்துத் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் நோய் உறுதியாகும். போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சர்க்கரைக்குத் தரும் வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்றவை சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மாற்றுவதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு களிம்பைக் கஞ்சத்தனமாகத் தொட்டுப் பூசுவதும் தவறுதான். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொன்ன அளவில் உடம்பு முழுக்கப் பூசியே பலருக்கு அடங்கியிருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை தந்தால், புண் காய்ந்ததும் சட்டென்று நிறுத்தவே கூடாது. பாட்டா நிறுத்தினார், பத்தே நாளில் முன்னைவிட அதிகமாகக் கொப்பளித்தது, எழுந்து நிற்கவும் தெம்பில்லை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு மூன்றையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொப்புளத் தோலை உரிக்காதீர்கள். பெரிதாக இருந்தால் நர்ஸ் சுத்தமான ஊசியால் நீரை மட்டும் வடிப்பார். மேலே கிடக்கும் தோல்தான் புண்ணுக்கு மூடி. பாட்டாவின் முதுகுப் புண் போர்வையில் ஒட்டி, புரளும்போதெல்லாம் பிய்ந்தது. ஆஸ்பத்திரியில் ஆவியில் சுத்தம் செய்த வாழையிலையை விரித்துப் படுக்க வைத்தார்கள். ஒட்டவே இல்லை. அன்று ராத்திரிதான் பாட்டா முனகாமல் தூங்கினார்.