பிராடி மாதிரி பக்கவாட்டில் இறங்குவது எப்படி?

கணினியில் விமானம் ஓட்டும் டிசிஎஸ் சிமுலேட்டரில், வியட்நாம் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய ஹ்யூயி ஹெலிகாப்டரை ஓட்டுபவர்கள் பலரும் ராக்கெட் விடத்தான் ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. 1968 ஜனவரி 6 அன்று வியட்நாமில் சூ லாய் பக்கம், காயமடைந்த வீரர்களைத் தூக்கிவர அமெரிக்க ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் விமானி மேஜர் பேட்ரிக் பிராடி இறங்கிய மாதிரி இறங்கிப் பாருங்கள், கை நடுங்கும்.

அன்று பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி, விசிறிக் காற்றால் பனியை விலக்கிக்கொண்டு, கீழே தெரிந்த ஒற்றையடிப் பாதையைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். இன்னோரிடத்தில் எதிரி வெறும் 50 மீட்டர் தள்ளி. அங்கே ஏற்கெனவே இரண்டு ஹெலிகாப்டர்கள் சுடப்பட்டு விழுந்திருந்தன. அவர் நான்கு முறை போய் வந்தார். அன்று ஒரே நாளில் மூன்று ஹெலிகாப்டர்கள் மாறி, காயமடைந்த 51 பேரைத் தூக்கி வந்திருந்தார்.

சரி, நம் வேலைக்கு வருவோம். சிமுலேட்டரில் உள்ள காகசஸ் மலைப்பகுதி வரைபடமே போதும். மலையிடுக்கில் ஓடும் ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். மிஷன் எடிட்டரில் (பறக்கும் களத்தை நாமே அமைக்கும் பகுதி) காற்றை 0 ஆக்கி, பனியை அடர்த்தியாக வையுங்கள். ஆயுதம் எதுவும் ஏற்ற வேண்டாம். சிமுலேட்டரில் நம் விசிறி பனியைக் கலைக்காது. அதனால் பார்வைத் தூரத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், அதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

சாலைக்கு மேலே வந்ததும் வேகத்தைக் குறைத்து, இடது பெடலை அழுத்தி மூக்கை இடப்பக்கம் திருப்புங்கள். இப்போது போகவேண்டிய திசை உங்கள் வலது ஜன்னலுக்கு நேரே வரும். நீங்கள் வலது இருக்கையில்தானே இருக்கிறீர்கள்? தலையைச் சாய்த்து ஜன்னல் வழியே கீழே பாருங்கள். முன் கண்ணாடியில் வெறும் வெள்ளைதான், ஜன்னலில் சாலை தெரியும். சைக்ளிக்கை (ஹெலிகாப்டரைச் சாய்த்து நகர்த்தும் குச்சி) வலப்பக்கம் மயிரிழை அளவுக்குத் தள்ளினால் போதும், ஹெலிகாப்டர் நண்டு மாதிரி நகரும்.

பலர் விழுவது இங்கேதான். பக்கவாட்டில் போகும்போது வேகமானியை நம்பாதீர்கள். அது முன்னோக்கிப் போகும் வேகத்துக்கானது. சாலை நகர்வதைப் பார்த்தே வேகத்தைக் கணியுங்கள். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 300 அடியைத் தாண்டவே கூடாது. தாண்டினால், விசிறி தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். பயந்து கலெக்டிவை (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இழுத்தால் இன்னும் வேகமாகத்தான் விழுவீர்கள். கலெக்டிவைக் கொஞ்சம் இறக்கி, சைக்ளிக்கை முன்னே தள்ளித் தப்பிக்க வேண்டும், அதற்கு உயரம் இருந்தால். பிராடியும் அவசரப்படவில்லை. கீழே துப்பாக்கிகள் காத்திருந்தும், மெதுவாகவே இறங்கினார். எனக்கு அவருடைய துணிச்சல் தெரிவது அந்த மெதுவில்தான்.

தரையை நெருங்கும்போது கலெக்டிவை ஏற்ற ஏற்ற மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது பெடலால் பிடித்து நிறுத்துங்கள். வால் எந்த மரத்தின் பக்கம் இருக்கிறது என்பதை முன்பே பார்த்து வைத்திருங்கள். திரும்பும்போது அதே சாலை வழியே போகத் தேவையில்லை, நேரே மேலே ஏறிவிடலாம்.

இது கைவந்ததும், ஆள் ஏற்றிய எடைக்கு ஈடாக எரிபொருளை நிரப்பிக்கொண்டு இன்னொரு முறை செய்து பாருங்கள்.