கிளிமஞ்சாரோ பக்கம் ஊழியத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தான்சானியாவில் பாடம் நடத்தப் போகும் தம்பி ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்ட எவ்வளவு கொண்டு போகணும்?" தலையில் அடித்துக்கொண்டேன். கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி ஊருக்கு அருகே ஒரு சபைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போனபோது நானும் இதே நினைப்போடுதான் இறங்கினேன். கொசுவலை, மலேரியா மாத்திரை பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் எடுப்பது

கூடாது. தன்னார்வலருக்கும் மிஷனரிக்கும் 'சி' வகை வசிப்பு அனுமதி இருக்கிறது.

மணியைத் தப்பாகப் புரிந்துகொள்வது

சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. 'சா தாத்து', அதாவது மூன்று மணி என்றால் காலை ஒன்பது. நான் மதியம் மூன்றுக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆங்கில ஆராதனையோடு நின்றுவிடுவது

ஜெர்மனியின் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷன் நம் தமிழ்நாட்டுக்கு வந்தது 1840இல். அதே மிஷன் 1893இல் கிளிமஞ்சாரோ சரிவுக்குப் போனது. அதனால் லுத்தரன் வீட்டுப் பிள்ளையான எனக்கு அங்கே ஆராதனை முறை பழகியதாகவே இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு நாம் வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஏலம், அங்கே ஆராதனை முடிந்த சாதாரண ஞாயிறுகளிலும் நடக்கும். காணிக்கையாக வந்த வாழைத்தார், முட்டை, கோழி எல்லாம் கோயில் வாசலிலேயே விலைபோகும்.

ஆனால் சபையின் உயிர் 'ஜுமூயா'வில் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடும் சின்னக் கூட்டம் அது. சுவாஹிலி புரியாவிட்டாலும் போய் உட்காருங்கள்.

தனி ஆளாகப் பீஸ் கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் ஜுமூயாவில் தகப்பன் இல்லாத பையன் ஒருவன் இருந்தான். அவன் பீஸுக்காக வாராவாரம் 'மிச்சாங்கோ', அதாவது ஆளுக்குக் கொஞ்சம் நன்கொடை, சேர்ப்பார்கள். பொருளாளர் அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, யார் 1,000 ஷில்லிங், யார் 2,000, யார் ஒரு தார் வாழைக்காய் என்று எழுதுவார். அச்சு அசல் நம் மொய் நோட்டு! பணம் சேரும் வேகம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை ஆபீஸில் போய் முழு வருஷத்துக்கும் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். வலதுகை செய்தது இடதுகைக்குத் தெரியாது என்று நினைப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் நோட்டைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. பையனின் அம்மா ஒரு கோழியோடு வந்தார். "நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்று திருப்பி அனுப்பினேன். பெருந்தன்மையாம்! என் வீட்டு வாசலில் வேறு பெற்றோர் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பொருளாளர் அம்மா மட்டும் நேராகவே கேட்டார்: "ம்வாலிமு (வாத்தியாரே), நீங்க டிசம்பர்ல போயிடுவீங்க. ஜனவரியில யார் கட்டுறது?"

நான் ஊர் திரும்பினேன். ஜனவரியில் அந்தப் பையன் வீட்டில் இருந்தான். வாத்தியார் அனுப்புவார் என்று ஜுமூயா காத்திருந்தது. ஜுமூயா பார்த்துக்கொள்ளும் என்று நான் இருந்தேன். ஒரு பருவம் முழுக்கப் போனது. ஏழெட்டு வீடுகள் சேர்ந்து சுமந்ததை நான் பிடுங்கி, பாதி வழியில் போட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோது நோட்டில் 5,000 எழுதச் சொன்னேன், மற்றவர்களோடு ஒரு வரியாக. அதற்கு மேல் கொடுக்க மனமிருந்தால் சபைப் போதகரான ஐயரிடமும் ஜுமூயா பெரியவர்களிடமும் பேசுங்கள். யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

பெரியவர்களுக்கு 'ஷிகமோ' சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது

'ஷிகமோ' என்பது பெரியவர்களுக்குச் சொல்லும் மரியாதை வணக்கம். 'மரஹபா' என்று பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கோழியை வேண்டாம் என்பது

வாங்கிக்கொள்ளுங்கள். காலைக் கட்டித்தான் கொடுப்பார்கள். டாலாடாலா வேனில் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.