மனு யார்கிட்ட கொடுக்கணும்? டெல்லியா, சென்னையா, நம்ம ஊராட்சியானு கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க ஏரியா ரோட்டுல ஒரு பள்ளம், மழை பேஞ்சா குளம். மனு எழுதிட்டு ஒரு ஆபீஸ் போனா "இது எங்க ரோடே இல்ல சார்"னு இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினாங்க, அங்க போனா அவங்க திரும்ப பழைய ஆபீசையே கை காட்டுறாங்க, மூணு வாரம் இப்படியே ஓடிருச்சு. கடைசில டீக்கடைல ஒரு பெரியவர்தான் "மொதல்ல மைல்கல்ல பாருப்பா"ன்னார்.

கல்லோட தலை மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைனா மாநிலத்தோடது. மஞ்சளா இருந்தாலும் சில இடத்துல வேலை பாக்குறது நம்ம மாநில நெடுஞ்சாலைத்துறையோட என்ஹெச் பிரிவுதான், காசு டெல்லிலருந்து வரும். உள்தெருனா கல்லே இருக்காது, நேரா நகராட்சி இல்ல ஊராட்சி.

மத்த விஷயத்துக்கெல்லாம் கல்லுக்குப் பதிலா அரசியலமைப்போட ஏழாவது அட்டவணைய பாக்கணும். மூணு பட்டியல் இருக்கும். ராணுவம், ரயில்வே, பேங்க்னா மத்திய பட்டியல். போலீஸ், ஆஸ்பத்திரி, நிலம், சாராயம்னா மாநிலப் பட்டியல். எதுலயுமே இல்லாத புது விஷயம்னா 248வது பிரிவுப்படி டெல்லிக்குப் போயிரும்.

ஆனா இடத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, எல்லாரும் ஏமாறுறது இங்கதான். ஓடுற ரயில்ல போன் திருடு போச்சுனா ரயில்வே மத்திய அரசுதானேனு நினைப்போம், ஆனா எஃப்ஐஆர் போடுறது ஜிஆர்பி, அது மாநில போலீஸ். மாநிலப் பட்டியல்ல 'போலீஸ்'னு இருக்கிற வரியிலயே ரயில்வே போலீசையும் சேர்த்துதான் எழுதியிருக்காங்க.

மூணாவதுதான் பொதுப்பட்டியல், தலைவலி புடிச்சது. ரெண்டு பேரும் சட்டம் போடலாம், மோதுச்சுனா மத்திய சட்டம்தான் நிக்கும், மாநில சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் இருந்தா மட்டும் அந்த மாநிலத்துக்குள்ள அது செல்லும். 2017ல ஜல்லிக்கட்டு தப்பிச்சது அரசியலமைப்போட இந்த 254(2) பிரிவு வழியாத்தான், ஏன்னா மிருகவதை தடுப்பு பொதுப்பட்டியல்ல இருக்கு. நீட் விலக்கு மசோதாவுக்கு அந்த ஒப்புதல் கிடைக்கல, அவ்ளோதான் வித்தியாசம். படிப்பு முன்னாடி மாநிலப் பட்டியல்லதான் இருந்துச்சு, எமர்ஜென்சி நேரத்துல 1976ல 42வது திருத்தம் போட்டு மாத்திட்டாங்க (என்னைக் கேட்டா அதை திருப்பிக் கொடுத்திருக்கணும், சரி அது வேற கதை).

சில வேலை ரெண்டு பேருக்கும் சேர்ந்தே இருக்கும். ரயில்வே மேம்பாலம் பாத்திருப்பீங்க, தண்டவாளத்துக்கு மேல நடு பாலம் மட்டும் வருஷக்கணக்கா அந்தரத்துல நிக்கும், ரெண்டு பக்கமும் ஏற வழியே இருக்காது. நடுவுல உள்ளது பெரும்பாலும் ரயில்வே கட்டுறது, ரெண்டு பக்க சாய்தளமும் நிலம் எடுக்கிறதும் மாநிலம். அதனால எந்தப் பகுதி நிக்குதுனு பாத்துட்டு மனு எழுதுங்க, பாதிப் பாலத்துக்கு தப்பான ஆளைத் திட்டி பிரயோஜனம் இல்ல.

தண்ணி, குப்பை, தெருவிளக்குக்கெல்லாம் உள்ளாட்சி போதும், டெல்லிக்கு எழுதாதீங்க.

இவ்ளோ பாத்தும் புரியலனா 10 ரூபா கட்டி ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு) போட்டுருங்க. "இந்த ரோடு யாரோட பராமரிப்புல இருக்கு, கடைசியா எப்போ வேலை நடந்துச்சு"னு ரெண்டே கேள்வி. தப்பான ஆபீசுக்கே போனாலும் 6(3) பிரிவுப்படி அவங்களே 5 நாளுக்குள்ள சரியான ஆபீசுக்கு மாத்தி விட்டு உங்களுக்கும் தகவல் சொல்லணும். அந்த லெட்டர்ல இருக்கிற அட்ரஸ்தான் நீங்க மூணு வாரமா தேடின அட்ரஸ்.