தொற்று வார்டுக்குப் போகும் நர்சிங் பிள்ளைகளுக்கு

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. நர்சிங் மாணவிகளை வார்டில் கூடவே நின்று பழக்குவது என் வேலை. கொரோனா பரவிய 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் அவர்களோடுதான் கழிந்தன. "தைரியமாக இரு" என்று சொல்லி எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை. எதற்குப் பயம் என்று தெரிந்த பிறகுதான் கைநடுக்கம் நின்றது. அடுத்த தொற்று எப்போது வருமோ, யார் கண்டது? வந்தால் இதைச் செய்யுங்கள்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எதற்கெல்லாம் பயம் என்று வரிவரியாக எழுதுங்கள். என் மாணவிகள் எழுதியதில் நோய் முதலிடத்தில் இல்லை. அப்பாயிக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேனோ, தேர்வு எப்போது, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்தால்தானே கல்லூரிக்குக் கட்டணம், ஊசியைக் கையில் பிடிக்காமலே இறுதியாண்டுக்கு வந்துவிட்டேனே - இவைதான் மேலே இருந்தன. எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், நம்மால் ஏதாவது செய்ய முடியுமா, பொறுத்துத்தான் ஆக வேண்டுமா என்று குறியுங்கள். லாசரஸ், ஃபோக்மேன் என்ற உளவியலாளர்கள் சொன்ன இருவகைச் சமாளிப்பு இதுதான்: சிக்கலைச் சரிசெய்வது ஒன்று, அது தரும் வேதனையைத் தணிப்பது மற்றொன்று. தேர்வு தேதி உங்கள் கையில் இல்லை. அதை நினைத்து இரவெல்லாம் விழித்திருந்து பயனில்லை. அப்பாயி விஷயம் அப்படியல்ல, அதில் செய்ய நிறைய இருக்கிறது.

துக்க வீட்டுக்குப் போய்வந்தால் கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டுத்தானே உள்ளே நுழைகிறோம்? அதே வழக்கத்தை டியூட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை, அவர்களுக்கே புரியும். செருப்பு வாசலில்; சீருடை நேராகச் சோப்புத்தண்ணீர் வாளியில்; போனையும் துடைத்துவிடுங்கள், பலர் மறப்பது அதைத்தான். சாப்பாடு திண்ணையில் தனித்தட்டில். வயதானவர்களோடு பேசும்போது முகக்கவசம், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஊரார் ஒதுங்கிப் போனால் மனம் வலிக்கத்தான் செய்யும். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். தெருவில் மரியாதைப்பட்ட பெரியவர் ஒருவரிடம் அப்பாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதை அவர் ஒரு முறை சொன்னால் போதும்.

"கை பழகவில்லையே" என்ற பயத்துக்கு மருந்து பழகுவதுதான். ஊரடங்கில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து சிக்னல் பிடித்து வகுப்பு கேட்ட பிள்ளைகளுக்குப் படுக்கை விரிக்கக்கூடத் தெரியவில்லை என்று சிலர் ஏளனம் செய்தார்கள். வீட்டிலேயே தம்பி காலில் கட்டுப் போட்டுப் பாருங்கள், தாத்தாவுக்கு இரத்த அழுத்தம் பாருங்கள். துளிக்கணக்கை விரல்நுனியில் வைத்துக்கொள்ளுங்கள்: 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 துளி விழும் செட் (சலைன் ஏற்றும் குழாய்) என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. இதைத் தடுமாறாமல் சொல்லும் பிள்ளையை எந்தச் சிஸ்டரும் விரட்டமாட்டார்.

2021 மே மாதத்தில், தேர்வுக்குக் காத்திருந்த இறுதியாண்டு மாணவிகளையும் கொரோனா பணியில் அமர்த்தலாம் என்று மத்திய அரசு சொன்னது. மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் என்ற நிபந்தனையோடுதான். அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு டியூட்டியில் தனியாக விடப்பட்டால், "என் மேற்பார்வையாளர் யார்?" என்று பணிவாக, ஆனால் கேட்டே தீருங்கள். 2020 மே மாதம் ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மீது பூத்தூவினார்கள். பூ நல்லதுதான். கையுறை அதைவிட நல்லது.

கத்திரி வெயிலில் பி.பி.இ. (உடலை மூடும் பாதுகாப்பு உடை) போட்டால் ஜாக்கெட் பிழியும் அளவுக்கு வியர்க்கும். உள்ளே போவதற்கு முன்பே நீராகாரமோ மோரோ உப்புப் போட்டுக் குடியுங்கள், கழிப்பறைக்குப் போய்வாருங்கள், மாதவிடாய் நாளென்றால் கூச்சப்படாமல் ஷிப்டை மாற்றக் கேளுங்கள். உண்மையான ஆபத்து கழற்றும்போதுதான், ஏனென்றால் அப்போது களைத்திருப்போம், அவசரமும் இருக்கும். கழற்றுபவருக்கு எதிரே ஒருத்தி நின்று, "கையுறை... கண்ணாடி... கவுன்..." என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். என்95 முகக்கவசம் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் நோயாளிப் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகு. ஒவ்வொன்றுக்கும் இடையில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். முறையாகக் கழற்றினேன் என்று தெரிந்த மாணவிக்குத்தான் அன்றிரவு தூக்கம் வருகிறது.

முதல் மரணம் வேறு கதை. உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒருவர் போகும்போது கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தால் துடைக்கக்கூட முடியாது. அன்று அறைக்குப் போனதும் படுத்துவிடாதீர்கள். கூட இருந்தவளோடு உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள், அழுங்கள், பிறகு சோறு சாப்பிடுங்கள். "நர்ஸ் அழக்கூடாது" என்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

தொற்று எண்ணிக்கையை மாலை அறிக்கையில் ஒருமுறை பார்த்தால் போதும். வாட்ஸ்அப்பில் வருவதை அம்மாவுக்கு அனுப்பாதீர்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகத் திரும்பவில்லை என்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் நாள் கடத்தாமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104 உதவி எண்ணும் உண்டு.

ஒன்று விட்டுப்போயிற்று. டியூட்டி பார்த்த தேதி, வார்டு, நேரம் எல்லாவற்றையும் எழுதி, வார்டு பொறுப்பாளரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்குங்கள். 2021இல் 100 நாள் கொரோனா பணி முடித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார்கள். அப்படி ஓர் அறிவிப்பு மறுபடி வந்தால் கேட்பது காகிதத்தைத்தான்.