போர்க்காலப் பயிற்சி விமானத்தளத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

சில்வர்ஸ்டோன் என்றால் பலருக்கும் கார் பந்தயம்தான். எனக்கு அது முதலில் ஒரு விமானத்தளம். 1943-இல் திறந்த அந்தத் தளத்தில், பறக்கத் தெரிந்த இளைஞர்கள் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் ஒரே குழுவாக இயங்கப் பழகினார்கள். பயிற்சி கொடுத்தது 17-ஆம் போர்ப் பயிற்சிப் பிரிவு. இங்கிலாந்தில் இப்படி நூற்றுக்கணக்கான தளங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றித் தேட நினைத்தால் இப்படித் தொடங்குங்கள்.

முதலில் செயற்கைக்கோள் படம். வயல்களுக்கு நடுவே ஒன்றையொன்று வெட்டும் மூன்று கோடுகள் தெரிகின்றனவா? காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை எதிர்த்து ஏறத்தான் மூன்று ஓடுபாதைகள். அளந்து பாருங்கள்: போர்க்காலத் தர அளவு, பெரியது 2,000 கெஜம், மற்ற இரண்டும் 1,400 கெஜம். அவற்றைச் சுற்றி ஒரு வட்டச் சாலை இருக்கும். சில்வர்ஸ்டோனில் பந்தயப் பாதையானது அந்தச் சாலைதான். ‘ஹேங்கர் ஸ்ட்ரெயிட்’ என்ற பெயரும் பக்கத்தில் நின்ற விமானக் கொட்டகைகளால் வந்தது.

அப்புறம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். நான் ஏஐஆர் 27 வரிசையில் தேடி ஒரு நாளை வீணாக்கினேன், அது ஸ்குவாட்ரன்கள் எனப்படும் போர் விமானப் படைப்பிரிவுகளுக்கானது. பயிற்சிப் பிரிவுகள் ஏஐஆர் 29-இல் இருக்கின்றன, தளங்களின் பதிவுகள் ஏஐஆர் 28-இல். கேட்க வேண்டியது படிவம் 540, அதாவது அன்றாட நிகழ்வுக் குறிப்பு. குளிர்கால மாதங்களை நிதானமாகப் படியுங்கள். விபத்து என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் தேதியையும் விமான எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் பயிற்சியிலும் விபத்துகளிலும் 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எதிரியைப் பார்க்காமலே இறந்தவர்கள் அவர்களில் ஏராளம். இந்தத் தேடலில் எனக்கு முக்கியமானவர்களும் அவர்கள்தான்.

தளத்துக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அங்குள்ள கற்களை எண்ணி, இறந்தவர்கள் இவ்வளவுதான் என்று எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ்காரர்களின் உடல்களைப் பெரும்பாலும் குடும்பத்தார் சொந்த ஊருக்கு எடுத்துப் போனார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு அது முடியவில்லை, அதனால் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மற்றவர்களைக் கண்டுபிடிக்க, நாட்குறிப்பில் எடுத்த தேதியை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். கிடைக்கும் பெயரோடு படை எண்ணையும், அதாவது அந்த வீரருக்குப் படையில் தந்த தனி எண்ணையும், எழுதிவையுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள்.